அவர் வண்டியில் தூரம் கம்மி

அவர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இதைப் படிக்கிற நாலு பேர் உடனே அவர் நம்பரைத் தேடுவார்கள். அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு விழுப்புரத்தில் மகள் வீட்டோடு போய் உட்கார்ந்து சில வருஷங்கள் ஆகின்றன. இன்னமும் திண்டிவனத்தில் எங்கள் கார் ஸ்டாண்டுக்கு வருகிறவர்கள், வரிசையில் முதலில் நிற்கிற என்னைத் தாண்டிக் கழுத்தை நீட்டி, "அவரு இல்லீங்களா?" என்று கேட்கிறார்கள். இல்லாத மனுஷனோடுகூட நான் போட்டி போட வேண்டியிருக்கிறது.

எனக்கு அவர்மேல் பொறாமை. சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. பொறாமை என்றதும் மூக்கைச் சுளிக்கிறவர்கள், ஒரே ஸ்டாண்டில், ஒரே கம்பெனியின் ஒரே மாடல் வண்டியை, அதே வெள்ளை நிறத்தில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் ஒரு மாதம் நின்று பார்க்கட்டும். இரண்டுமே கைமாறி வந்த பழைய வண்டிகள். என்னுடையதைச் செங்கல்பட்டில் ஒரு டிராவல்ஸ்காரரிடம் வாங்கினேன். அவர் தன்னுடையதைக் குயிலாப்பாளையத்துக்காரர் ஒருவரிடம் வாங்கியிருந்தார். ஆனால் போன் அடித்தால் அவருக்குத்தான் அடிக்கும். அவர் வேறு சவாரியில் இருந்தால்தான் என்னுடையது அடிக்கும்.

ஆள் பார்க்க ஒன்றும் பிரமாதமில்லை. குள்ளம். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டிருப்பார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அவரை "அண்ணே" என்பேன்; அவர் என்னை "தம்பி" என்பார். டாஷ்போர்டில் எப்போதும் வேகவைத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்று இருக்கும்; வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அதில் பாதியை நீட்டுவார். எனக்கு மல்லாட்டை என்றால் உயிர் என்பதால் அதையும் மறுக்க முடியாது. தின்றுகொண்டே திட்ட வேண்டும்.

அவரைப் பற்றி ஊர் சொல்வது இதுதான்: நிதானமாக ஓட்டுவார், ஆனால் சீக்கிரம் கொண்டுபோய் விடுவார், கிலோமீட்டரும் குறைவாகத்தான் ஓடியிருக்கும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை கொடுக்கிற சனத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துவராத விஷயங்கள். நிதானமாகப் போனால் சீக்கிரம் போக முடியாது. அதே ரோட்டில் போனால் தூரம் குறையாது. ஊரில் ஒருத்தரும் இதை உட்கார்ந்து யோசிக்கவில்லை. நல்லவர் என்று முடிவு கட்டிவிட்டால் அப்புறம் எல்லாமே அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

டயாலிசிஸ் செய்துகொள்ள வாரத்துக்கு இரண்டு தடவை புதுச்சேரிக்குப் போகிற ஓர் அம்மா இருந்தார். முதலில் அந்த அம்மா என்னுடைய சவாரி. ஒருநாள் என் வண்டி ஒர்க்‌ஷாப்பில் நின்றதால், ஒரே ஒரு தடவைக்கு என்று அவரிடம் அனுப்பிவைத்தேன். அந்த அம்மா திரும்பி வரவேயில்லை. வழியில் பார்த்தபோது வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"கோச்சிக்காதப்பா," என்றார் அந்த அம்மா. "அவுரு வண்டி எடுக்கறதே தெரியலை. குலுங்காம கெளம்புது. முள்ளு எம்பதைத் தாண்ட மாட்டேங்குது, நான் பாத்துக்கினேதான் வர்றேன். இஞ்சின் சத்தமே இல்லை. உன் வண்டி கத்திக்கினே வருது, எனக்குத் தலை நோவுது."

என் வண்டியும் அவர் வண்டியும் ஒரே இஞ்சின். ஒரே இஞ்சின் என் கையில் கத்துகிறது, அவர் கையில் பாடுகிறது என்றால் மனுஷனுக்கு வயிறு எரியாதா?

அவருக்கு ஒரு வாக்கியம் உண்டு. "முள்ளு பொய் சொல்லாது தம்பி." வேகம் காட்டுகிற முள்ளை அவர் சாமி மாதிரி நம்பினார். எண்பதில் முள் வந்து நின்றதும் காலைத் தூக்கிவிடுவார். பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக் கிழித்தாலும் அசைய மாட்டார். ஸ்டாண்டில் சின்னப் பையன்கள் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசினால், "நான் எம்பதுலயேதாம்ப்பா போறேன். எனக்கு இன்னா கெட்டுப்போச்சு, எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்துக்கினு இருக்கேன்," என்பார். அது உண்மை. அதனால்தான் எரிச்சல்.

மயிலம் மலைக்கு அவர் வண்டியில் போய்வந்தவர்கள் இன்னொரு கதை சொல்வார்கள். அடிவாரம் வந்ததும் ஏசியை நிறுத்திவிட்டு, கண்ணாடியை இறக்கி, "முருகன் காத்து வருது, வாங்கிக்கங்க," என்பாராம். வண்டி இரண்டாவது கியரில் மெதுவாக, பயபக்தியோடு மேலே ஏறுமாம். இதைக் கேட்டுவிட்டு எங்கள் அம்மா அடுத்த கிருத்திகைக்கு என் வண்டியில் வரும்போது, "நீ ஏண்டா மலையில இப்படி வெரட்டுறே, கோயிலுக்குப் போறமா, கொள்ளைக்குப் போறமா?" என்று கேட்டார். நான் மூன்றாவது கியரில் ஏசியோடு ஏறியதற்குக் கிடைத்த பட்டம் அது.

வீட்டில் நான் வேறு எதுவும் பேசுவதில்லை என்று என் மனைவிக்குக் குறை. "தெனம் ராத்திரி நம்ம எலைக்குப் பக்கத்துல அவருக்கும் ஒரு எலை போட்டுடலாமாங்க?" என்று ஒருநாள் கேட்டாள். "அவரு பேச்சுதானே சாப்பாடு முடியறவரைக்கும் ஓடுது."

இப்படிப் புகைந்துகொண்டு காலம் போயிருக்கும். ஆனால் அந்த நிச்சயதார்த்தச் சவாரி வந்தது. மல்லாட்டை மண்டி வைத்திருக்கிற ஒருவர், பையனுக்குப் பெண் நிச்சயம் செய்ய விழுப்புரம் போக, எங்கள் இரண்டு வண்டிகளையும் பேசினார். மண்டிக்காரர் என்றால் சாதாரண ஆளில்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அனந்தபுரம் வரைக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் அந்த வண்டிதான். காலையில் அண்ணன் முன்னால் போனார், நான் பின்னால் போனேன். ஒரு டீக்குக்கூட வேறு இடத்தில் நிறுத்தவில்லை. முன்னால் அவர் போகிற வேகத்துக்கு ஒட்டிக்கொண்டே போக என் முள் எண்பத்தைந்தைத் தொட்டது. இந்த ஆள் எண்பதிலேயே போகிறேன் என்பது வெறும் வாய்ப்பேச்சு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் அதே ரோட்டில் அதே மாதிரி திரும்பி, மண்டி வாசலில் இரண்டு வண்டிகளும் நின்றன.

மண்டிக்காரர் அண்ணன் வண்டியின் மீட்டரைப் பார்த்தார். பிறகு என் மீட்டரைப் பார்த்தார். என்னுடையதில் நாலைந்து கிலோமீட்டர் கூட ஓடியிருந்தது.

"ஒரே ரோட்டுல, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வந்தீங்க. உனக்கு மட்டும் ரோடு எப்பிடிப்பா நீண்டுச்சு?"

"எனக்கும் அதான் தெரியலைங்க."

"மீட்டர்ல கைகிய் வச்சிருக்கியா?"

சுற்றி அவர் சொந்தக்காரர்கள், மண்டி ஆட்கள், மாப்பிள்ளைப் பையன். போனை எடுத்துத் தூரத்தைக் காட்டினேன். அது என் மீட்டரோடுதான் ஒத்துப்போனது. "போனும் உன்னுதுதானே," என்றார் மண்டிக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பதினைந்து வருஷமாக ஒரு கிலோமீட்டர்கூட ஏமாற்றிச் சொல்லாதவன் நான்.

அப்போது அண்ணன் குறுக்கே வந்தார். எனக்குப் பரிந்து பேசத்தான் வந்தார். "தம்பி அப்பிடிப்பட்டவரு இல்லீங்க. எதுனா மீட்டர் கோளாறா இருக்கும். என் மீட்டர் எவ்ளோ காட்டுதோ அதையே ரெண்டு பேருக்கும் போட்டுடுங்க, பேஜாரு வேணாம்," என்றார். அவ்வளவுதான். திருடனை மன்னித்துவிட்டது மாதிரி ஆகிவிட்டது. நான் திருடனும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. அந்த வாரமே ஸ்டாண்டில் ஒரு சவாரி என்னிடம், "மீட்டர் சரிபண்ணிட்டியாப்பா?" என்று கேட்டுவிட்டு ஏறியது.

சில நாள் கழித்துப் பகலில் அவரிடமிருந்து போன் வந்தது. கூட்டேரிப்பட்டில் பஞ்சராகி நிற்கிறார். அவருடைய ஸ்டெப்னியை வழியில் பஞ்சராகி நின்ற யாருக்கோ கழற்றிக் கொடுத்துவிட்டாராம். "ஒரே மாடலு, உன் ஸ்டெப்னி சேரும், கொஞ்சம் ஜல்தியா வா தம்பி, சவாரி உக்காந்துக்கினு இருக்காங்க," என்றார். போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்தக் கூட்டுரோட்டில் பாதி டீக்கடைக்காரர்களுக்கு என்னைத் தெரியும். போகவில்லை என்றால் அதுவும் ஒரு கதையாகிவிடும்.

என் ஸ்டெப்னியை மாட்டி ஜாக்கியை இறக்கினார்கள். வண்டி அந்தப் பக்கம் சாய்ந்து நின்றது. காற்று இல்லையோ என்று பார்த்தேன். காற்று இருந்தது. பஞ்சர் கடைக்காரர் கழற்றி வைத்திருந்த டயரை உருட்டிவந்து, மாட்டிய என் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அண்ணனுடைய டயர் என்னுடையதைவிட நன்றாகவே உயரம்.

"இது கம்பெனி சைஸ் இல்லீங்க, பெருசு," என்றார் கடைக்காரர்.

"வாங்கனப்பவே அதான் போட்டிருந்துச்சு," என்றார் அவர். "அந்தக் குயிலாப்பாளையத்துக்காரரு செம்மண் பள்ளத்துல அடி ஒரசக் கூடாதுன்னு போட்டாராம். தேஞ்சா நான் அதையே சொல்லி வாங்கிப் போட்டுக்கினு வர்றேன்." சொல்லிவிட்டு மல்லாட்டையை நீட்டினார்.

மல்லாட்டையை உரிக்கக்கூட மறந்துவிட்டேன். நடுரோட்டில் நின்றபடி என் தலைக்குள் ஒவ்வொன்றாகப் பொருந்திக்கொண்டே வந்தது.

மீட்டர் ரோட்டை எண்ணுவதில்லை. சக்கரம் எத்தனை தடவை சுற்றியது என்பதைத்தான் எண்ணுகிறது. கம்பெனிக்காரன் வைத்த சக்கரம் இவ்வளவு பெரியது என்று நினைத்துக்கொண்டு எண்ணுகிறது. பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடும். நெட்டையான ஆள் எட்டி வைத்து நடக்கிற மாதிரி. நூறு கிலோமீட்டர் போனாலும் மீட்டருக்குத் தொண்ணூற்றி ஐந்துதான் தெரியும். முள் எண்பது காட்டும்போது வண்டி அதற்கும் மேலே போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் நிதானமாகப் போய்ச் சீக்கிரம் சேர்ந்தார். அதே வேகத்துக்கு இஞ்சின் குறைவாகச் சுற்றினால் போதும், அதனால் சத்தமில்லை. பெரிய சக்கரத்தை உருட்ட இஞ்சினுக்கு இழுவை பற்றாது. அதனால்தான் அந்த அம்மாவுக்குக் குலுங்காமல் கிளம்பியது. அந்தச் சுமை கிளட்ச்மேல் விழுவதால்தான் அவர் அடிக்கடி கிளட்ச் பிளேட் மாற்றுகிறார் என்பதும் விளங்கியது. மயிலத்தில் ஏசியை நிறுத்தியது பக்தியே இல்லை. ஏசியைப் போட்டால் வண்டி ஏறாது. முருகன் காற்றாம்.

அன்றைக்கு வீடு திரும்பும்போது நான் விசில் அடித்துக்கொண்டு வந்தேன். மனைவியிடம் சொன்னேன். "அந்த ஆளோட கொணமெல்லாம் டயருடி. நாலு டயரைக் கழட்டிட்டா ஒண்ணுமே இல்லை."

அவளுக்கு வேறு கணக்கு. "அப்ப இத்தினி வருஷமா ஓடுன தூரத்துக்கு அவருக்கு வாடகை கொறஞ்சிக்கினுதானே வந்திருக்கு? பாவம், போய்ச் சொல்லுங்க."

அங்கேதான் சிக்கல். நான் சொன்னால் அவர் டயரை மாற்றுவார். மாற்றினால் அவர் மவுசு போகும், மண்டிக்காரரிடம் என் பெயர் சுத்தமாகும். ஆனால் அவருக்கு வர வேண்டிய கிலோமீட்டர் எல்லாம் வர ஆரம்பித்துவிடும். சொல்லாமல் விட்டால் சவாரிக்குச் சவாரி அவருக்கு நஷ்டம், பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் பெயர் அவருக்கே நிலைக்கும். எதைச் செய்தால் அவருக்கு அதிகம் வலிக்கும் என்று நான் பல நாள் யோசித்தேன். பொறாமைக்காரனுக்கும் வேலை கொஞ்சமில்லை.

கடைசியில் பெயர்தான் பெரிது என்று முடிவு செய்தேன். தனியாகச் சொன்னால் பிரயோசனமில்லை. ஒருநாள் காலை, ஸ்டாண்டில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மண்டிக்காரரும் தற்செயலாக அங்கே நிற்கையில், சத்தமாகச் சொன்னேன். டயர், மீட்டர், முள், மலை, ஏசி, ஒன்றையும் விடவில்லை. என் மீட்டர்தான் சரி, அவருடையதுதான் தப்பு என்று முடித்தேன். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்கத் தயாராக நின்றேன்.

சுருங்கத்தான் செய்தது. ஆனால் நான் எதிர்பார்த்த விஷயத்துக்கு இல்லை.

"அப்ப முள்ளு எம்பது காட்டும்போது நான் எவ்ளோ போய்க்கினு இருந்தேன் தம்பி?"

"எம்பத்தஞ்சு இருக்கும். அதுக்கு மேலயும் இருக்கலாம்."

டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அந்த டயாலிசிஸ் அம்மாவை வச்சிக்கினா? எம்பதைத் தாண்ட மாட்டேன்னு அவங்க புள்ளைக்கு வாக்குக் குடுத்திருக்கேனே."

வாடகையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாளே கம்பெனி சைஸில் நான்கு டயர்களையும் மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பழையவை பாதிகூடத் தேயவில்லை.

நான் காத்திருந்தேன். இனி அவர் மீட்டர் என் மீட்டர் மாதிரியே ஓடும். இஞ்சின் என்னுடையது மாதிரியே கத்தும். இழுவை கூடியதால் வெடுக்கென்று கிளம்பும். சனம் மெல்ல விஷயத்தைப் புரிந்துகொண்டு என் பக்கம் திரும்பும். டயாலிசிஸ் அம்மா முதலில் வருவார் என்று கணக்குப் போட்டேன்.

ஒருவரும் வரவில்லை. இஞ்சின் சத்தம் கேட்டு, "வண்டிக்கு வயசாயிடுச்சு, அவுரு இன்னா பண்ணுவாரு," என்றார் அந்த அம்மா. இப்போது அவர் உண்மையிலேயே எண்பதில் போனதால் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். "ரோட்டுல வண்டி ஜாஸ்தியாப்போச்சு," என்று அதற்கும் சனமே காரணம் கண்டுபிடித்தது. மயிலம் மலையில் மூன்றாவது கியரில் ஏசியோடு ஏறினார். வெயில் காலத்துக்கு நல்லதாகப் போயிற்று என்றார்கள். நான் ஏறினால் கொள்ளை, அவர் ஏறினால் குளிர்ச்சி.

டயர்தான் காரணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவரை எனக்கு ஓர் ஆறுதல் இருந்தது. அதையும் என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன்.

இதைவிட மோசம், அவர் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் என்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். "நம்ம ஸ்டாண்டுத் தம்பிதான் கண்டுபுடிச்சாரு. வேற ஆளா இருந்தா வாயைத் தொறந்திருப்பானா? தங்கமான புள்ளை." அவர் சொல்லச் சொல்ல, அவர் வண்டியில் இப்போது கிலோமீட்டர் கூடிப்போனதற்கு யார் காரணம் என்று ஊருக்கெல்லாம் தெரிந்தது. மண்டிக்காரர் என்னைக் கூப்பிட்டு, "உன் மீட்டர் சரிதாம்ப்பா, நான்தான் தப்பாப் பேசிட்டேன்," என்றார். எனக்குச் சந்தோஷம் வருவதற்குள், "ஆனா நல்லா போய்க்கினு இருந்ததை ஏன்யா போய்க் கெளறினே?" என்று முடித்தார். அவருடைய வீட்டுக் கல்யாணத்துக்கும் அண்ணன் வண்டிதான் போயிற்று.

அந்த மாதக் கிருத்திகை அன்று நான் ஸ்டாண்டில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சவாரி எதுவும் இல்லை. அம்மா கையில் பூக்கூடையோடு நடந்து வந்தார். என்னைத்தான் கூப்பிட வருகிறார் என்று கதவைத் திறந்தேன். அவர் என்னைத் தாண்டிப்போய் அண்ணன் வண்டியின் பக்கத்தில் நின்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "பெத்த புள்ளை வண்டி சும்மா நிக்குது. இப்ப அவரு மீட்டரும் என் மீட்டரும் ஒண்ணுதாம்மா. தூரம் ஒண்ணும் கொறையாது."

"தெரியுண்டா."

"அப்புறம் இன்னாத்துக்கு அதுல ஏறுறே?"

அம்மா கூடையை இருக்கையில் வைத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். "உன் வண்டியில வந்தா மயிலம் போய்ச் சேர்றவரைக்கும் நீ அவரைத் திட்டிக்கினே வர்றே. இவரு வண்டியில போனா உன்னைத் தங்கம், தங்கம்னு சொல்லிக்கினே வர்றாரு. பெத்தவளுக்கு எதைக் கேட்டுக்கினு போக ஆசையா இருக்கும், நீயே சொல்லு."

வண்டி கிளம்பிப் போயிற்று. அன்றைக்கு முதல்முறையாக எனக்கு அவர்மேல் இல்லை, அதையெல்லாம் கேட்டுக்கொண்டே போகிற அம்மாமேல் பொறாமையாக இருந்தது.